ஹெட்லைட்டை மாற்றும் முன் சுவரில் ஒரு கோடு போடுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், யாராவது ஒரு பையன் போன் பண்ணுவான். "அண்ணா, ராத்திரி ஊருக்குக் கிளம்பறேன், லைட் பத்தவே மாட்டேங்குது, எது போடலாம்?" பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அத்திப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போக வேண்டும். எதிரே வரும் கார்கள் எல்லாம் கண்ணைப் பறிக்க, தன் பைக் மட்டும் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அந்த ஆத்திரத்தில்தான் மறுவாரம் ஜே.சி. ரோட்டுக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் காட்டும் முதல் எல்இடி பல்பை மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். மாட்டின இரண்டாம் நாள் அல்சூரில் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் நிறுத்திச் சொன்னார்: "தம்பி, நீ எதிர்ல வந்தா எனக்குப் பள்ளமே தெரியல." பெங்களூர் ரோட்டில் பள்ளம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு சிக்னலில் போலீஸ்காரர் ஓரம் கட்டச் சொன்னார். "ஏனப்பா இது, லாரி லைட்டா?" கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்கிறார் என்று நினைத்து விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள். நானும் சொன்னேன். விளக்கத்தைக் கேட்டுவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் உருப்படியாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். காசு செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன?

கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பல்ப், சுற்றிலும் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணம் (டூம்) இருந்தால் அது ஹாலஜன். பல்பே கண்ணுக்குத் தெரியாமல் சின்னச் சின்னக் கட்டமாக, வெள்ளை வெளிச்சம் வந்தால் கம்பெனியே வைத்த எல்இடி. இரண்டாவது வகை என்றால் உள்ளே கை வைக்காதீர்கள். அதில் மாற்றுவதற்குத் தனியாகப் பல்ப் என்று ஒன்று கிடையாது. கோணம் சரிபார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை, அதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஹாலஜன் என்றால் பல்பின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்பின் அடித்தகட்டில் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். நம் ஊர் பைக்குகளில் அதிகம் பார்ப்பது எச்எஸ்1 என்கிற 35/35 வாட், அப்புறம் எச்4 என்கிற 60/55 வாட். முதல் எண் பிரைட்டுக்கு, இரண்டாவது டிம்முக்கு. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால் சிலர் எச்எஸ்1 போட வேண்டிய இடத்தில் எச்4-ஐ அழுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். சூடு ஒன்றரை மடங்குக்கு மேல். பிளாஸ்டிக் ஹோல்டர் இளகி, டூம் கருத்து, ஆறு மாதத்தில் முன்பைவிட மங்கலாகிவிடும்.

அந்தச் சுவர்க் கோடு

புது பல்ப் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நம் ஊரில் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குப் பஞ்சமில்லை. தரை சமமாக இருக்க வேண்டும், எதிரே வெறும் சுவரோ தூணோ வேண்டும். சாக்பீஸ், இஞ்ச் டேப், கூட ஒரு நண்பர். வேறெதுவும் வேண்டாம்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஹெட்லைட் கண்ணாடியை ஈரத் துணியால் துடையுங்கள். ஓசூர் ரோட்டு லாரிப் புகையும் மெட்ரோ வேலைப் புழுதியும் சேர்ந்து ஒரு மஞ்சள் படலமே கட்டியிருக்கும். வண்டியைச் சுவருக்கு நேராக, லைட்டிலிருந்து சுவர் வரை சரியாக 10 மீட்டர் வரும்படி நிறுத்துங்கள். இடமில்லையென்றால் 5 மீட்டர். சென்டர் ஸ்டாண்டு போடாமல் நீங்கள் ஏறி உட்கார்ந்து, வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும்போது பின் சஸ்பென்ஷன் இறங்கி, லைட் கொஞ்சம் மேலே தூக்கும். ஆளில்லாமல் பார்த்தால் கணக்கு தப்பாகும்.

தரையிலிருந்து லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று நண்பரை அளக்கச் சொல்லுங்கள். அதே உயரத்தில் சுவரில் படுக்கைவாக்கில் ஒரு கோடு. இப்போது இன்ஜினை ஓடவிட்டு, டிம்மில் வையுங்கள்.

சுவரில் வெளிச்சம் ஒரு இடத்தில் முடிந்து அதற்கு மேல் இருட்டாக இருக்கும். அந்த விளிம்பு உங்கள் சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். இரு சக்கர வாகன விளக்குகளுக்கான தரவிதி டிம் ஒளி 0.5 முதல் 2.5 சதவீதம் வரை கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்கிறது. 10 மீட்டரில் அது 5 முதல் 25 சென்டிமீட்டர். 5 மீட்டரில் அதில் பாதி. நான் 10 மீட்டரில் 12 சென்டிமீட்டர் வைத்திருக்கிறேன். நகரத்துக்கும் போதும், நெடுஞ்சாலைக்கும் போதும்.

கோட்டுக்கு மேலே ஏறினால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறீர்கள். ரொம்பக் கீழே இருந்தால் உங்கள் முன் சக்கரத்துக்கு டார்ச் அடிக்கிறீர்கள். லைட் பத்தவில்லை என்று என்னிடம் வந்த வண்டிகளில் பலவற்றுக்கு இந்த இரண்டாவது வியாதிதான். எப்போதோ சர்வீஸில் கழற்றி மாட்டியபோது தலை குனிந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஹெட்லைட்டுக்குக் கீழேயோ பின்னாலோ திருகு ஒன்று இருக்கும். பழைய மாடல்களில் இரண்டு பக்க போல்ட்டைத் தளர்த்தி, லைட்டையே கையால் சாய்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதி ஒரு ஆளைக் கணக்கில் வைத்துப் பேசுகிறது. லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்கு உங்கள் லைட் கூசக் கூடாது. ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த ஆள் நின்றால் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில் வரும். நண்பரை அங்கே நிற்கவையுங்கள். முகத்தைச் சுளித்தால் நீங்கள் விதியை மீறுகிறீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பின்னால் தங்கையும் அவள் பையும், இரண்டு பக்கமும் சாமான் மூட்டையும் ஏறினால் லைட் மறுபடி மேலே தூக்கும். கிளம்பும் முன் பாரத்தோடு ஒருமுறை பார்த்து இறக்கிவிட்டுப் போங்கள்.

பல்ப் மாற்றுவதென்றால்

கோணம் சரி, கண்ணாடி சுத்தம், அப்படியும் மங்கல் என்றால் பல்ப் பழசாகியிருக்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடி உள்பக்கம் கருத்திருந்தால் அதன் காலம் முடிந்தது. அதே வகை, அதே வாட், பெயர் தெரிந்த கம்பெனி. பொட்டலத்தைப் பார்க்காமல் பல்பைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் எண்ணும் பொறித்திருந்தால் தரச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

100/90 வாட் பல்ப் கேட்டாலே கிடைக்கும். அது ரோட்டுக்கானது கிடையாது, வாங்காதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் எல்இடி பல்ப். ஹாலஜன் டூமின் வளைவு முழுக்க ஒரு சின்னக் கம்பி எரியும் இடத்தைக் கணக்கு வைத்து வார்த்தது. அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் ஒளி சிதறும். எல்இடியில் அந்தக் கம்பி இல்லை. பட்டையான சில்லுகள் இரண்டு பக்கமும் பார்த்து எரிகின்றன. என் பல்பை மாட்டிவிட்டுப் பிறகு அதே பேஸ்மென்ட் சுவரில் பார்த்தேன். ஹாலஜனில் கத்தியால் கீறியது போலிருந்த விளிம்பைக் காணோம். பால் கொட்டிய மாதிரி சுவர் முழுக்க வெளிச்சம், மேலே குழாய்களில், கூரையில், பக்கத்து காரின் கண்ணாடியில். ரோட்டில் விழ வேண்டிய ஒளி அத்தனையும் ஊருக்கு வாரி இறைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் 'ஆகா, என்ன வெளிச்சம்' என்று தோன்றும், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் தரை பளிச்சென்று தெரிகிறது. ஐம்பது மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் நாய் தெரியாது.

மழை பெய்தால் இன்னும் மோசம். சிதறிப்போன 6000 கெல்வின் வெள்ளை ஒளி தூறலில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள்). ஹாலஜனின் மஞ்சள் கலந்த ஒளி, சுமார் 3200 கெல்வின், ஈர ரோட்டில் என் கண்ணுக்கு எவ்வளவோ தேவலை. சட்டப்படி பார்த்தாலும், அந்த ஹெட்லைட்டுக்கு ஒப்புதல் வாங்கியது ஹாலஜனை வைத்துத்தான். எல்இடியை நுழைத்ததும் அந்த ஒப்புதல் உங்களுக்குத் துணைக்கு வராது.

ஒயரிங்: பல்பை விட இதுதான் குற்றவாளி

ஐந்தாறு வயதான வண்டியில் மின்சாரம் ஹெட்லைட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சுவிட்ச், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் செருகி), பழைய ஒயர் என்று வழியில் எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் போகும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஒரு அளவு, லைட் எரியும்போது பல்ப் ஹோல்டரில் ஒரு அளவு. பேட்டரியில் 14 வோல்ட், ஹோல்டரில் 12.5 என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துவிடும்.

இதற்கு மருந்து ரிலே, அதாவது பழைய சுவிட்சிலிருந்து வரும் சின்ன கரண்டில் இயங்கி, பேட்டரியின் மின்சாரத்தை நேராக லைட்டுக்குத் திறந்துவிடும் தானியங்கி சுவிட்ச். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேவின் 30-ஆம் காலுக்கு, 87-ஆம் காலிலிருந்து லைட்டுக்கு. 85, 86 இரண்டில் ஒன்று பழைய சுவிட்ச் ஒயருக்கு, மற்றது எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். கம்பெனி ஒயரை வெட்டாமல், இருக்கும் கப்ளரிலேயே செருகும் கிட் விற்கிறார்கள். அதையே கேளுங்கள். ஒயரை வெட்டினால் வாரண்டி போகும், பின்னாளில் இன்ஷூரன்ஸ்காரர் தீப்பிடித்த வண்டியைப் பார்த்து முதலில் தேடுவதும் அந்த வெட்டைத்தான். பியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கறுப்பு டேப் மட்டும் சுற்றி அனுப்பும் மெக்கானிக்கிடம் திரும்பப் போக வேண்டாம். இரண்டு மழைக்காலத்தில் பிசினாகி உரிந்துவிடும்.

ஃபாக் லைட்

சந்தையில் ஃபாக் லைட் (பனிமூட்டத்துக்கான கூடுதல் விளக்கு) என்று விற்பதில் பாதிக்கு மேல் ஃபாக் லைட்டே இல்லை. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியில் மாட்டிச் சுவரைப் பார்த்து எரியவிடச் சொல்லுங்கள். மேல்பக்கம் நேர்கோடாக வெட்டி, அகலமாகத் தட்டையாக விழுந்தால் அது ஃபாக் லைட். நடுவில் உருண்டையாக ஒரு வெள்ளைப் பந்து விழுந்தால் ஸ்பாட் லைட். 111-ஆவது விதிப்படி வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்கக் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலையில், பதிவு அதிகாரியிடம் முன்கூட்டி அனுமதி வாங்கியிருந்தால்தான் வைக்கலாம். கடைக்காரர் 'எல்லாரும் போடறாங்க சார்' என்பார். எல்லோரும் ஃபைனும் கட்டுகிறார்கள்.

என் யோசனை: உங்கள் மாடலுக்கு வண்டிக் கம்பெனியே ஷோரூமில் கூடுதல் விளக்கு விற்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுற்றுலா போகும் வகை பைக்குகள் சிலவற்றுக்கு இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் அந்த வண்டிக்கென்றே செய்தது. பில்லை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் வாங்குவதென்றால் இரண்டு விளக்கும் ஹெட்லைட்டுக்குக் கீழே, ஒரே உயரத்தில், நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வர வேண்டும். நிறம் வெள்ளை அல்லது மஞ்சள், மஞ்சளையே சொல்வேன். சுவர்க் கோட்டுச் சோதனை இதற்கும் உண்டு, ஹெட்லைட்டைவிட இன்னும் கீழே இறக்கி. தனி சுவிட்ச், தனி ரிலே, தனி பியூஸ். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40-ஐ 12-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர், அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியர் போட்டால், அடுத்த தடவை போவது ஒயர்.

சாவியை அணைத்தால் விளக்கும் அணைகிற மாதிரி இணைப்பு கேளுங்கள். சில்க் போர்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும்போது இன்ஜின் ஐடிலில் இருக்கும், சார்ஜ் குறைவாக ஏறும். அப்போது ஃபாக் லைட்டும் எரிந்தால் பேட்டரிதான் சம்பளம் கொடுக்கும். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் அதை எரியவிடவே தேவையில்லை. நந்தி மலைக்கு விடியற்காலையில் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பின்பக்கமும் இண்டிகேட்டரும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 108-ஆவது விதி: முன்னால் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது, பின்னால் சிவப்பைத் தவிர வேறு காட்டக் கூடாது. இண்டிகேட்டரின் ஆரஞ்சும் நம்பர் பிளேட்டுக்கான வெள்ளையும் மட்டும் தனி. போலீஸ் ஜீப் மாதிரி சிவப்பு-நீலம் மின்னுவது, அடியில் கலர் கலராக ஓடும் பட்டை, பிரேக் பிடித்தால் டிஸ்கோ போல அடிக்கும் விளக்கு எல்லாம் வேண்டாம். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டெயில் லைட்டும் அதே கணக்கு.

எல்இடி இண்டிகேட்டர் போட்டால், அதை மின்னவைக்கும் பழைய ஃபிளாஷர் 'டிக்டிக்டிக்டிக்' என்று பதறும். கரண்ட் குறைந்ததால் பல்ப் போய்விட்டதென்று அது நினைக்கிறது. எல்இடிக்கான ஃபிளாஷர் ஒன்று மாற்றினால் சரி. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னலாம். போன் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிப் பாருங்கள். மட்கார்டை வெட்டிக் குட்டையாக்கும் மோகம் இருந்தால், அதோடு நம்பர் பிளேட் விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தாக வேண்டியவை.

இன்னொன்று. 2017 ஏப்ரல் 1 முதல் வந்த இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட் இன்ஜினோடு தானாக எரியும். பகலில் எதற்கு என்று சுவிட்ச் வைத்து அணைக்கிறார்கள். அதுவும் மாற்றம் என்ற கணக்கில்தான் வரும்.

போலீஸில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் கண் கூசும் லைட்டுக்கு அதிகம் வருவது 177-ஆவது பிரிவு, முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1500 வரை. 2024 ஜூலையில் கர்நாடக போலீஸ் கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட்டுகளுக்கென்றே தனியாகச் சோதனை நடத்தியது.

நிறுத்தினால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். தமிழில் பேசினாலும் பெரும்பாலும் புரியும், ஆனால் 'சார், தப்பாய்த்து' என்று இரண்டு வார்த்தை கன்னடத்தில் ஆரம்பித்தால் பேச்சின் சூடு குறையும். பேரம் பேச வேண்டாம், ரசீது வாங்குங்கள்.

தமிழ்நாட்டு நம்பர் வண்டியோடு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 47-ஆவது பிரிவு. ஊர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்ப்பார். அதனால் கழற்றிய பழைய பல்ப், பழைய இண்டிகேட்டர், பழைய மட்கார்டு எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளிவையுங்கள். நான் விட்டுவிட்டு வந்து, மறுபதிவுக்கு முன்னால் அதே மட்கார்டைப் புதிதாக வாங்கினேன்.

எல்லாம் முடித்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி சுவர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். நம் ரோட்டுக் குலுக்கலில் திருகு தளர்ந்து லைட் இறங்கியிருக்கும். எங்கள் பேஸ்மென்ட் சுவரில் என் சாக்பீஸ் கோட்டை செக்யூரிட்டி அண்ணன் இரண்டு தடவை அழித்துவிட்டார். மூன்றாம் தடவை போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் தன் எக்ஸ்எல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் எதிரே நிறுத்தி, "தம்பி, இதையும் கொஞ்சம் பாரு" என்றார்.